அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றில்லை

கழுகுமலை வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 40 விநாடி. ஒரு பெண் கத்துகிறாள், இரண்டு பையன்கள் சிரிக்கிறார்கள். கழுகுமலைப் பாறையில் பழைய சமணச் சிற்பத்தின் கீழே பெயர் கீறிய பையனைப் பார்த்துக் கத்துவது நான்தான். மூன்று நாளாக இன்பாக்ஸில் வருகிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் கத்தியது உண்மை. "அறிவிருக்கா" என்று கேட்டதும் உண்மை. அந்த ஒரு வார்த்தையை விட்டிருக்கலாம். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட நான் திரும்பப் பெறப் போவதில்லை.

வீடியோ தொடங்குவதற்கு முன்னால் நடந்ததை யாரும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல் நானும் என் கணவரும் மாற்றி மாற்றிக் கார் ஓட்டிக்கொண்டு, கோவில்பட்டியில் இரவு தங்கி, காலையிலேயே மலை ஏறினோம். முதலில் வெட்டுவான் கோயில். மலையை மேலேயிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, கல்லுக்குள்ளிருந்து ஒரு கோயிலையே வெளியே எடுத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி. மேலே ஒவ்வொரு பூதமும் ஒவ்வொரு முகத்தோடு இருக்க, அடிப்பகுதி மட்டும் உளி படாமல் அப்படியே நிற்கிறது. வேலையை ஏன் நிறுத்தினார்கள் என்று அங்கே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் சமணச் சிற்பங்கள் பக்கம் போனோம். பாறை நெடுக ஏறக்குறைய 150 சிற்பங்கள். வரிசை வரிசையாகச் சமணர் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா. அவற்றின் கீழே வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், நூறு கல்வெட்டுகளுக்குப் பக்கம். அவர் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டெழுத்து படிக்கிறார். ஒரு சிலையின் கீழே மண்டியிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழ விழ எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஸ்ரீ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இங்க பாரு, குரத்தி" என்றார். சமணப் பெண் துறவி, ஆசிரியை. ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒரு பெண் ஆசிரியைக்கான சொல் அந்த வெயிலில் கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் கரகரவென்று சத்தம். பைக் சாவியால் ஒரு பையன் கீறிக்கொண்டிருந்தான். இதயம் ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு ஆங்கில எழுத்து. தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கும் பீடத்துக்கு நேர் கீழே, வட்டெழுத்து வரிக்கு மேலேயே. கீறலிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொடி பழைய எழுத்தின் வளைவுக்குள் போய் நிரம்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தக் குரலில் பேசியிருக்க வேண்டும் என்கிறீர்கள்?

இப்போது எல்லோரும் பெரிய கண்டுபிடிப்புபோல ஒன்றைச் சொல்கிறார்கள். "அந்தக் காலத்திலும் பெயர் வெட்டித்தானே வைத்தார்கள், இவன் வெட்டினால் மட்டும் தப்பா?" இதற்கு 200 லைக். சரி, பதில் சொல்கிறேன். அங்கே இருக்கும் பெயர்கள் அந்தச் சிலையைச் செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியர் இருக்கிறார்கள், தச்சர் இருக்கிறார்கள், குயவர், கொல்லர் இருக்கிறார்கள். அவரவர் கையில் இருந்ததைக் கொடுத்து, சிற்பியை வைத்து, ஒரு திருமேனியைச் செய்யச் சொல்லி, அதன் கீழே இன்னார் செய்வித்தது என்று எழுத வைத்தார்கள். சிலது வேறொருவருக்காகச் செய்து வைத்தது. கொடுத்துவிட்டுப் பெயர் போட்டார்கள். இந்தப் பையன் எதைக் கொடுத்தான்? அடுத்தவர் கொடுத்ததன் மேல் தன் பெயரைக் கீறினான். இரண்டும் ஒன்று என்று எப்படி உங்களால் சொல்ல முடிகிறது?

என் ஆச்சியிடம் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி இருந்தது. சின்ன வயதில் இறந்துபோன தன் அண்ணன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டச் சொல்லி வாங்கியது. முட்டை விற்றுச் சேர்த்த காசு. ஒருநாள் அதைப் பாத்திரக் கடையில் போட்டு எவர்சில்வர் வாங்க வீட்டில் முடிவு செய்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஆச்சி பெருவிரலால் அந்த எழுத்தை ஒருமுறை தடவினாள். ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் எடை போட்டார். எனக்கு அப்போது பத்து வயது, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கும் யாராவது கத்தியிருக்க வேண்டும்.

"வெளியூர்க்காரி எங்கள் ஊர்ப் பையன்களைத் திட்டுவதா?" நான் பிறந்தது சங்கரன்கோவில். முருகன் கோயிலுக்கு எத்தனையோ தடவை கழுகுமலை வந்து, காவடி பார்த்து, பஸ் ஏறிப் போயிருக்கிறேன். மலை மேல் இப்படி ஒன்று இருப்பதை 40 வயது வரைக்கும் போய்ப் பார்க்காதது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊர் எனக்கும் ஊர்தான். "நீங்கள் சமணரா?" இல்லை. அதனால் என்ன?

"சின்னப் பையன்கள், மெதுவாகச் சொல்லியிருக்கலாம்." முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். "தம்பி, வேண்டாம்ப்பா" என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கீறினான். அது வீடியோவில் இல்லை. கூட வந்தவன் போனை எடுத்ததே நான் கத்த ஆரம்பித்த பிறகுதான்.

"காவலுக்கு ஆள் போடாதது யார் தப்பு?" ஆள் போடட்டும், வேலி போடட்டும், நல்லதுதான். ஆனால் அந்தச் சாவியைப் பிடித்திருந்த கை யாருடையது?

என்னை நிஜமாகவே உடைத்தது வேறு. "புருஷன் வாயைத் திறக்காமல் கீழே உட்கார்ந்திருக்கிறார், இந்தம்மா ஆடுகிறது" என்று எழுதி, சிரிக்கும் பொம்மையோடு அதைப் பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரர் ஒருவரும் இருக்கிறார். அதே ஆச்சி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். ஒரு போன் போட்டு என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவர் ஒரு வார்த்தை கேட்காமல் போனதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது. மற்றவர்கள் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன்.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டு, 31-ஆவது விநாடியில் நிறுத்துங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், எனக்குப் பின்னால் பாருங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் அந்த எழுத்துக்குள் இருந்த பொடியை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்.