பாபி சாண்ட்ஸ் வெற்றி: அந்த 30,493 ஓட்டு எதற்கு?

"1981 இடைத்தேர்தலில் பாபி சாண்ட்ஸ் ஜெயித்தாரே, அப்படியானால் வட அயர்லாந்துக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் ஐ.ஆர்.ஏ. பக்கம்தான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (ஐ.ஆர்.ஏ. என்பது வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய அமைப்பு; சாண்ட்ஸ் அதன் உறுப்பினர்.) ஜெயித்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்காது.

ஏப்ரல் 9 அன்று ஃபெர்மானா-தெற்கு டைரோன் தொகுதியில் நின்றவர்கள் இரண்டே பேர். சாண்ட்ஸ் 30,493, யூனியனிஸ்ட் (பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்) ஹாரி வெஸ்ட் 29,046. கத்தோலிக்கர்களின் ஆதரவு பெற்ற மிதவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி. ஆள் நிறுத்தவில்லை, மறைந்த எம்.பி.யின் சகோதரர் நோயல் மக்வயரும் கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கிவிட்டார். வெஸ்டுக்குப் போட மனமில்லாதவருக்கு மிச்சம் இருந்தது சாண்ட்ஸ், இல்லையென்றால் செல்லாத ஓட்டு. சாண்ட்ஸோ அப்போது சிறையில் உண்ணாவிரதத்தில் இருந்தார், எம்.பி. ஆக்கினால் உயிர் பிழைப்பார் என்று போட்டவர்களும் உண்டு.

எஸ்.டி.எல்.பி.யும் ஐ.ஆர்.ஏ.வோடு இணைந்த அரசியல் கட்சியான சின் ஃபேனும் நேருக்கு நேர் மோதிய 1983 பொதுத்தேர்தல்தான் சரியான அளவுகோல்: வட அயர்லாந்து முழுக்க சின் ஃபேன் 13.4%, எஸ்.டி.எல்.பி. 17.9%. (13.4-ம் லேசான எண் இல்லைதான்.)

சரிபார்க்க: அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'கெய்ன்' இணைய ஆவணக் காப்பகத்தில் தேர்தல் பகுதிக்குப் போய் இந்த இரண்டு ஆண்டுகளையும் திறவுங்கள். சதவீதத்துக்கு முன்னால் வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள்.