சிர்கோனியா (வெள்ளை நிற கெட்டி செராமிக்) பல் கேப் எதிர்ப் பல்லை அரைச்சுடுமா?

"சிர்கோனியா பல்லை விட ரொம்ப கெட்டி, எதிர்ப் பல்லை அரைச்சே தீர்த்துடும், இம்ப்ளான்ட் (தாடை எலும்புல பொருத்துற செயற்கை வேர்) மேல போர்சலின் (பீங்கான்) கேப்தான் போடணும்"னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்துது. தப்பான தகவல்ங்க. கெட்டிங்கறது நிஜம்தான், ஆனா எதிர்ப் பல்லு தேயறதுக்கு முக்கிய காரணம் கேப்போட சொரசொரப்பு. நல்லா பாலிஷ் பண்ண சிர்கோனியா போர்சலினை விட கம்மியாத்தான் எனாமலை தேய்க்குதுன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க, வெறும் கிளேஸ் (கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு) மட்டும் பூசினா அது நாளாக ஆக போயிடும், அடியில சொரசொரப்பு இருந்தா அப்பதான் சிக்கல்.

இன்னொன்னு, இயற்கைப் பல்லைச் சுத்தி அழுத்தத்தைத் தாங்குற ஜவ்வு இருக்கு, இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, அதனால கேப் மேல பூசின போர்சலின் சில்லு சில்லா பெயர்றது அடிக்கடி நடக்கும். முழுக்க சிர்கோனியாவுலயே செய்யற கேப் பக்கம் ஆராய்ச்சி போனதுக்கு இது பெரிய காரணம். சிர்கோனியாவுல 3 மோல் சதவீதம் இட்ரியா (அதை நிலைப்படுத்த சேர்க்கற ஒரு ஆக்சைடு) கலந்தது சுமார் 1000 மெகாபாஸ்கல் (அழுத்தத்தோட அளவு) தாங்கும், 5 சதவீதம் கலந்தா ஒளி ஊடுருவி பாக்க அழகா இருக்கும், ஆனா வலு நல்லாவே குறையும், கடைவாய்ப் பல்லுக்கு இதை யோசிச்சுதான் போடணும்.

டாக்டர் நீலப் பேப்பர் வச்சு கடிக்கச் சொல்லி கேப்பை ராவினார்னா, அந்த இடத்தை திரும்ப பாலிஷ் பண்ணிட்டாங்களான்னு தயங்காம கேளுங்க.