மான் தீவனம்: சோயாவையும் குளோவரையும் கலந்து விதைத்தால் போதுமா?

"சோயா, குளோவர் (மூவிலைத் தீவனச் செடி) இரண்டும் பயறு வகை, கலந்து ஒரே ஆழத்தில் விதைத்தால் மான்களுக்கு ஆண்டு முழுவதும் தீவனம், உரமே வேண்டாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

சோயாவுக்கு 2.5 முதல் 4 செ.மீ. ஆழம் சரி. கடுகைவிடச் சிறிய குளோவர் விதை அவ்வளவு ஆழத்தில் பெரும்பாலும் முளைக்காது, அரை செ.மீ. போதும். நைட்ரஜனை இரண்டும் காற்றிலிருந்து பெறும், உண்மைதான். ஆனால் அதற்கு உதவும், வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா இரண்டுக்கும் வேறு வேறு. பாஸ்பரசும் பொட்டாசியமும் மண்ணில்தான் இருக்க வேண்டும். மண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

பெரிய ஆபத்து வேறு. இளஞ்சோயாவின் வளர்நுனி மண்ணுக்கு மேலே இருக்கிறது. விதையிலைக்கு (முளைக்கும்போது முதலில் வரும் இலை) கீழே மான் கடித்தால் செடி பிழைக்காது. சிறிய நிலமென்றால் மொத்தமும் போய்விடும். தரையோடு படரும் வெள்ளை குளோவரோ மறுபடி துளிர்க்கும். தனித்தனியாகவே விதையுங்கள்: சோயாவை மண் சூடேறிய பிறகு, குளோவரைக் குளிர்ச்சியான பருவத்தில்.