தேர்தல் வந்தால் தோட்டத்துத் துப்பாக்கி ஏன் காவல் நிலையம் போக வேண்டும்?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. சட்டத்தின் வரம்புக்குள் அரசு தரும் அனுமதி. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்துவிட்டு இந்தியர்களின் கையை மட்டும் கட்டியது. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதையே திருத்தமாக முன்வைத்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. திருடனுக்கும் ரவுடிக்கும் சேர்த்தே அந்த உரிமையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அவர் மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே சட்டம் கடுமையாக இருப்பது என் குறை அல்ல. எழுதி வைத்திருக்கும் சட்டம் ஒன்றாகவும் அலுவலகங்களில் நடப்பது வேறாகவும் இருப்பதே குறை.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, மற்ற தகுதிகள் சரியாக இருந்தால், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம் என்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றும், மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும், பொதுநலனுக்குக் குந்தகம் இல்லையெனில் விண்ணப்பதாரர் கேட்கும்போது அதைத் தர வேண்டும் என்றும் 14-வது பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் காட்டோரத்து விவசாயி வருவாய்த்துறை, வனத்துறை, காவல்துறை என்று மூன்று பக்கமும் அலைந்து, கடைசியில் "தேவை எழவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்புகிறார்.

உரிமம் கிடைத்தவர் நிலை அதைவிட வேடிக்கையானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. அதை வைத்து அவர் பன்றியைச் சுட முடியாது, 1972 வன உயிரினச் சட்டம் விடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்துவிட்டது. ஆனால் நாடு முழுவதற்குமான வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 என்பதால் துப்பாக்கி அதுவரை நிலையத்து அறையிலேயே கிடந்தது. கோடைக் கடலையைப் பன்றி உழுது போட்டதும், மாம்பழ வாசத்துக்கு யானை இறங்கியதும் இந்த இடைவெளியில்தான். திரும்பி வந்தபோது கட்டையில் கயிற்றால் கட்டிய அட்டைச் சீட்டும் குழலுக்குள் செம்மண் நிறத்தில் துருவும் இருந்தன. சித்தப்பா கம்பியில் துணி சுற்றி எண்ணெய் விட்டு இரண்டு நாள் தேய்த்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, உரிமம் பெற்ற அனைவரும் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லவே இல்லை. ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரங்களில், குறிப்பாகத் தேர்தல் கலவரங்களில் சம்பந்தப்பட்டவர் ஆகியோரின் உரிமங்களை ஆராய்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் பரிசீலனைக் குழு முடிவெடுக்க வேண்டும் என்பதே அறிவுறுத்தல். ஆராய்வது வேலை, எல்லோரையும் வரச்சொல்வது சுலபம் என்பதால் சுலபமானதே வழக்கமாகிவிட்டது.

உரிமம் உள்ள துப்பாக்கியும் குற்றத்துக்குப் பயன்படுகிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். வடமாநிலக் கல்யாண வீடுகளில் உற்சாகத்துக்குச் சுட்டு ஆள் செத்ததால்தான், 2019 திருத்தம் அதற்கு 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று வைத்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம். மசோதா முதலில் ஒன்று என்றுதான் வந்தது. உறுப்பினர்கள் பலர் எதிர்த்ததால் இரண்டாயிற்று. கௌரவத்துக்காக இரண்டாவது துப்பாக்கி வைத்திருப்பவருக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஆள் இருந்தது. காவலுக்கு ஒன்று வைத்திருப்பவரின் குரல் அப்படி எடுபடுவதில்லை.

துப்பாக்கி இல்லாத இரவுகளில் விவசாயிகள் சும்மா தூங்குவதில்லை என்பதையும் நிர்வாகம் யோசிக்க வேண்டும். சிலர் திருட்டு மின்வேலி போடுகிறார்கள், சிலர் தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்த வேலிக்கும் தேர்தலுக்கும் தொடர்பில்லை. ஆனால் சத்தம் போட்டு விரட்டும் வழியை அடைத்தால் இன்னும் எத்தனை பேர் கம்பியைத் தேடிப் போவார்கள்?

2016 ஆயுத விதிகளின்படி உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. மாவட்டத்து உரிமப் பட்டியலையும் வழக்குப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியவர் யார் என்பது தெரிந்துவிடும். அதைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஆட்சியர் அலுவலகம் செய்து முடிக்கட்டும். ஒப்படைக்கச் சொல்பவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.