வெள்ளி வாங்கினா அழணுமா?

ரோயிங்ல, அதாவது துடுப்புப் படகுப் போட்டில, ஒரு விசித்திரம் இருக்கு, படகு போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் உக்காந்திருப்பாங்க. அதனால முதல்ல போறவங்களுக்கு பின்னாடி வர்ற எல்லாரும் தெரியும். இப்ப லீட்ல இருந்துட்டு கடைசில கோட்டை விட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க, இன்னொரு படகு நெருங்கி நெருங்கி வர்றதை கண்ணால பாத்துக்கிட்டே துடுப்பு போடணும், பக்கத்துல வரும், அப்புறம் தாண்டிப் போயிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல பிரிட்டன் வீராங்கனை கேத்தரின் கிரெய்ஞ்சருக்கு இதுதான் நடந்துச்சு. குவாட் ஸ்கல்ஸ், நாலு பேர், ஆளுக்கு ரெண்டு துடுப்பு, 2000 மீட்டர். முன்னாடி போயிட்டிருந்த பிரிட்டனை கடைசில சீனா தாண்டிருச்சு. மேடைல வெள்ளியை மாட்டிக்கிட்டு நாலு பேரும் அழுதாங்க, யாரோ செத்துட்ட மாதிரி.

கேத்தரினுக்கு அது மூணாவது ஒலிம்பிக், மூணாவது வெள்ளி. ஆனா 2000 சிட்னில இதே குவாட்ல வாங்கின முதல் வெள்ளிக்கு ஒரே கொண்டாட்டம்! ஏன்னா பிரிட்டன் பொண்ணுங்க ரோயிங்ல வாங்கின முதல் ஒலிம்பிக் மெடலே அதுதான், அதுவும் ரஷ்யாவோட போட்டோ ஃபினிஷ் பாத்து முடிவு பண்ணது. எட்டு வருஷத்துல அதே வெள்ளி துக்கமாயிடுச்சு, அவங்க குறைஞ்சு போகல, நாமதான் எதிர்பார்ப்பை ஏத்திட்டோம்.

2012ல லண்டன்ல அன்னா வாட்கின்ஸோட சேர்ந்து டபுள் ஸ்கல்ஸ்ல (ரெண்டு பேர் படகு) தங்கம் அடிச்சாங்க. அவங்களைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் "ஒருவழியா சாதிச்சுட்டாங்க"ன்னு இங்கதான் கதையை முடிப்பாங்க, எனக்கு எரிச்சலா வரும். அப்ப முன்னாடி பன்னெண்டு வருஷம் சாதிக்காமயா இருந்தாங்க? நடுவுல லண்டன் கிங்ஸ் காலேஜ்ல கொலைக் குற்றத்துக்கு தண்டனை விதிக்கறதைப் பத்தி பிஹெச்டி வேற பண்ணிட்டிருந்தாங்க (நமக்கு வாக்கிங் போகவே நேரமில்ல).

எனக்குப் பிடிச்சது தங்கத்துக்கு அப்புறம் நடந்ததுதான். ரெண்டு வருஷம் ஒதுங்கியிருந்துட்டு திரும்ப வந்தாங்க, விக்டோரியா தார்ன்லியோட ஜோடி. ஒண்ணும் சரியா அமையல, எட்டு பேர் படகுக்கு ட்ரை பண்ணாங்க, அங்கயும் எடுக்கல, திரும்பவும் டபுள்ஸுக்கே வந்தாங்க. பெருசா யாரும் எதிர்பார்க்கல. 2016 ரியோ ஃபைனல்ல பாத்தா இவங்கதான் லீட்! கடைசில போலந்து தாண்டிருச்சு.

பெய்ஜிங்ல நடந்த அதேதான், அப்படியே. நாப்பது வயசு, அஞ்சாவது ஒலிம்பிக், நாலாவது வெள்ளி. இந்த தடவை சிரிச்சாங்க.