எதற்கு வெயிட்டிங் என்று சொல்லித் தொலையேன்

வெயிட்டிங். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணியிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அந்த வட்டத் திரையில் இந்த ஒரே வார்த்தை. அதன் கீழே ஒரு நீலக் கோடு, கால்வாசி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. யாருக்காக வெயிட்டிங், எதற்காக வெயிட்டிங், இன்னும் எவ்வளவு நேரம், ஒன்றும் கிடையாது. ஸ்மார்ட்வாட்ச்சில் ஒரு ஆப் போடப் பார்த்த யாருக்கும் இந்த வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்காக வாங்கியது. 74 வயது. மும்பை செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படியை இன்னும் ஏறி இறங்குகிற மனுஷன், ராத்திரி மாத்திரையை மட்டும் மறந்துவிடுவார். போன் அலாரம் ஹாலில் அடிக்கும், அவர் பால்கனியில் நிற்பார், காதில் விழாது. மணிக்கட்டிலேயே அதிர்ந்தால் தெரியும் இல்லையா? மாத்திரையை ஞாபகப்படுத்தும் ஒரு சின்ன ஆப், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போனைப் பார்த்தால் ஆப் ஏறிவிட்டது என்கிறது. வாட்ச்சைப் பார்த்தால் வெயிட்டிங். சரி என்று இரண்டையும் அணைத்துப் போட்டேன். வெயிட்டிங். போனிலும் வாட்ச்சிலும் ஒரே ஜிமெயில் கணக்குதானா என்று பார்த்தேன், ஒரே கணக்குதான். இடம் இருக்கிறதா? பாதிக்கு மேல் காலி. ஆப் கடை சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை அழித்தேன், போனின் பேட்டரி சேவரை எடுத்தேன், வாட்ச்சை சார்ஜரில் வைத்தேன். வெயிட்டிங், வெயிட்டிங், வெயிட்டிங். இத்தனை நேரமும் அப்பா ரத்த அழுத்தம் பார்க்கக் கொடுப்பது போலக் கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் சாவி கொடுத்துக் கட்டிய எச்எம்டி வாட்ச்சின் வெளுத்த தடம் அந்த மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. “விடும்மா, நான் ஞாபகமா போட்டுக்கறேன்” என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

கஸ்டமர் கேரில் ஒருவர், கேட்ட கேள்வி எதையும் காதில் வாங்காமல், ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கள் என்றார். பண்ணினால் என்ன சரியாகும்? தெரியாதாம். பண்ணினேன். அப்பாவின் நடைக்கணக்கு போச்சு, ஆசையாக வைத்திருந்த பேத்தி படம் போச்சு, மறுபடி இணைத்து, மறுபடி பாஸ்வேர்டை அந்தக் கால்ரூபாய் அளவு கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி. வெயிட்டிங்.

மறுநாள் மேல்மாடியில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்தான் வந்து பார்த்தான். “அக்கா, போன்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணுங்க.” அவ்வளவுதான். போன் பக்கத்தில் இருந்து ப்ளூடூத்தும் இருந்தால், பேட்டரி மிச்சம் பிடிக்க வாட்ச் வைஃபையைத் தொடாமல் டவுன்லோடு முழுவதையும் போன் வழியாகவே இழுக்கப் பார்க்குமாம். ப்ளூடூத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட், அதுவும் ஏட்டளவில். எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி; 60 எம்பி ஆப்புக்கு அதில் கணக்குப் போட்டாலும் மூன்று நிமிஷம்தான் வருகிறது. எனக்குப் பதினாறு மணி நேரம் ஆகியும் வரவில்லை. நடுவில் எங்கோ அறுந்துபோய் நின்றிருக்கிறது, நின்றுவிட்டது என்று சொல்லக்கூட அதற்கு வாய் இல்லை.

ப்ளூடூத்தை அணைத்தால் வைஃபை பிடிக்கவில்லை. ஏன்? எங்கள் ரவுட்டரில் வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் ஆன். இந்த வாட்ச்சுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பெட்டிமேல் வைஃபை என்று கொட்டை எழுத்தில் போட்டவர்களுக்கு இதைப் பக்கத்தில் ஒரு வரி போட மை இல்லையா? 2.4-ஐத் திறந்தோம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, எங்கள் பில்டிங்கில் 28 வீடு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர். பையன் நெரிசல் குறைந்த 11-க்கு மாற்றினான். நாலு நிமிஷத்தில் ஆப் உட்கார்ந்துவிட்டது.

நாலு நிமிஷம்! ‘ப்ளூடூத்தில் வரவில்லை, வைஃபைக்கு மாறவா’ என்று அந்தத் திரை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சனிக்கிழமையே முடிந்திருக்கும். தனக்கு என்ன தடங்கல் என்று அதற்குத் தெரியும், தெரிந்துகொண்டே வெயிட்டிங் என்கிறது. மாத்திரை போடுகிற வயதில் இருக்கிறவர்கள் இதைத் தனியாக எப்படிச் சமாளிப்பார்கள் என்று இதைச் செய்தவர்கள் ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா?

அப்புறம் அந்த சார்ஜர். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போனுக்கெல்லாம் ஒரே டைப்-சி என்று சட்டமே வந்துவிட்டது, அதிலும் ஸ்மார்ட்வாட்ச்சை விட்டுவிட்டார்கள். கம்பெனிக்கு ஒரு காந்த வட்டு, மாடலுக்கு ஒரு முள். நேற்று அப்பா அதைக் குர்லா போன ரயிலில் விட்டுவிட்டு வந்துவிட்டார். லாமிங்டன் ரோட்டில் ஒன்பது கடை ஏறி இறங்கினேன், எட்டு கடையில் இந்த மாடலுக்கு இல்லை, ஒன்பதாவது கடையில் வாங்கியது ஒட்டவே மாட்டேன் என்கிறது.