மெயில் ஐடியின் வால்

ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) சேர்ந்து ஆறு மாதம் ஆன தம்பி ஒருவர் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, இங்கே ஓப்பன் ஆக்சஸில் பேப்பர் போட்டால் காசே கேட்பதில்லை, எல்லாம் ஃப்ரீ." கூடவே ஒரு ஸ்மைலி. அங்கே இருந்த மூன்று வருடமும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். (ஓப்பன் ஆக்சஸ் என்றால், ஆய்வுக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்; வெளியிடும் கட்டணம் பெரும்பாலும் எழுதியவர் தலையில்.) அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது, அதனால் இங்கேயே போடுகிறேன்.

2021-இல் அங்கே என் முதல் கட்டுரை ஏற்கப்பட்டது. பதிப்பகத்திலிருந்து லிங்க் வந்தது. திறந்தால் ஒரு படிவம்: எந்த நிறுவனம், எந்த உரிமம், கரஸ்பாண்டிங் ஆத்தர் (இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவர், கட்டுரையில் அவர் பெயர் பக்கத்தில் ஒரு ஸ்டார் இருக்கும்) யார். பல்கலைக்கழக மெயில் ஐடியைப் போட்டதும் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது, கட்டணத்தை உங்கள் நிறுவனம் ஏற்கும் என்று. நூலகத்தில் யாரோ சரி என்று அழுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாளில் கட்டுரை யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி திறந்து கிடந்தது. எவ்வளவு ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அது ஒன்றும் ரகசியமில்லை. ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்து, 'டீல்' என்ற பெயரில் பெரிய பதிப்பகங்களோடு பேரம் பேசின. வைலியுடன் 2019 ஜனவரியில் கையெழுத்தானது. கட்டுரை ஒன்றுக்கு 2,750 யூரோ. அடுத்த ஆண்டு ஸ்பிரிங்கர் நேச்சருடனும் அதே தொகைதான். நம் பணத்தில் அன்றைக்கு இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் அப்போதைய மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த ஏற்பாடு மோசம் என்று சொல்ல வரவில்லை. இதற்கு முன்பு நூலகம் ஒரு பக்கம் சந்தா கட்டும். கட்டுரை எல்லோரும் படிக்கும்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அதே இதழுக்குத் தனியாக இன்னொரு கட்டணம் கட்டுவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில். டீல் அதை ஒன்றாக்கியது. வெளியிடும் கட்டுரைக்கு இவ்வளவு என்று நிறுவனம் கொடுத்துவிடும், இதழ்களைப் படிக்கும் உரிமையும் அதற்குள்ளேயே அடக்கம்.

இது உட்கார்ந்த இடத்தில் கிடைத்ததும் இல்லை. இன்னொரு பெரிய பதிப்பகமான எல்செவியருடன் பேச்சு படியவில்லை என்றதும் சுமார் 200 ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டன. 2018 ஜூலையில் எல்செவியரின் புதிய கட்டுரைகளைப் படிக்கும் வழி அடைபட்டது. நான் போய்ச் சேர்ந்தபோதும் அது அடைபட்டே கிடந்தது. அந்த இதழ்களில் ஏதாவது வேண்டுமென்றால் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்போம், அல்லது ப்ரீபிரிண்ட் (இதழில் வருவதற்கு முன் எழுதியவரே இணையத்தில் போட்டுவைக்கும் பிரதி) இருக்கிறதா என்று தேடுவோம். முனகினார்கள், ஆனால் யாரும் செத்துப்போகவில்லை. 2023 செப்டம்பரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இதே எல்செவியருடன் 2019-இல் முறித்துக்கொண்டு 2021-இல் தன் வழிக்குக் கொண்டுவந்தது. தனி ஆளாகப் போய் ஏ.பி.சி.யை, அதாவது வெளியீட்டுக் கட்டணத்தை, குறையுங்கள் என்றால் யார் மதிப்பார்கள்? ஒரு நாடே சந்தாவை நிறுத்துகிறேன் என்று எழுந்து நின்றால் கதை வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022-இல் ஊர் திரும்பி ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். ஜெர்மனியில் தொடங்கிய அதே வேலையின் மீதியை இங்கே ஒரு மாணவியுடன் முடித்து, முதல் ஆசிரியராக அவள் பெயரையும் கரஸ்பாண்டிங் ஆத்தராக என் பெயரையும் போட்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். மறுபடியும் அதே படிவம். கல்லூரி மெயில் ஐடியைப் போட்டேன். பச்சை வரியைக் காணோம், டாலர் தொகைதான் வந்தது. ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு என்று எல்லாப் பெரிய பதிப்பகங்களும் போட்டிருக்கும். ஆனால் சில இடங்களில் நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தின் அளவையும் பார்ப்பார்கள், அதில் இந்தியா அடிபட்டுப் போகும். நூற்று நாற்பது கோடிப் பேரின் வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் நான் பணக்காரன்தானே!

வேறு வழியில்லாமல் சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தேன், அதற்கு ஆசிரியரிடம் காசு இல்லை. கட்டுரை வெளியான அன்று மாலை மாணவி போன் செய்தாள். "சார், நம்ம பேப்பர் ஓப்பன் ஆக மாட்டேங்குது. வாங்கணும்னு கேக்குது."

நாடு முழுவதற்கும் அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே என்பீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் கட்டத்தில் அது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 சொச்ச நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பெரும்பகுதி எங்கே படிக்கிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, இதில் பெரும்பணம் படிப்பதற்கு. கட்டணம் கேட்கும் திறந்த இதழ்களில் வெளியிட ஆண்டுக்கு 150 கோடி என்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் தேர்ந்தெடுத்த இதழ்களுக்கு. ஆண்டுக்கு 2,000 கோடி கொடுக்கிற வாடிக்கையாளர் எழுதுவதையும் சேர்த்துத்தான் பேரம் பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. டீல் மாதிரி ஒப்பந்தங்களால் இதழ்கள் முழுதாகத் திறந்துவிடும் என்று நம்பியவர்களுக்கும் இப்போது பொறுமை போய்விட்டது. பெரிய பதிப்பகங்கள் இதே வேகத்தில் போனால் குறைந்தது 70 ஆண்டு ஆகும் என்று பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்காகப் பேரம் பேசும் ஜிஸ்க் அமைப்பு 2024-இல் கணக்குப் போட்டுச் சொன்னது.

மூன்றாவது கட்டுரைக்கு என் பழைய புரொஃபசரே வழி சொன்னார். அவரும் அந்த வேலையில் பாதிக்கு உடந்தை. "என்னைக் கரஸ்பாண்டிங் ஆத்தராகப் போடு, இங்கிருந்து போய்விடும்." ஒப்பந்தங்கள் பார்ப்பது அந்த ஒருவரின் நிறுவனத்தை மட்டும்தான். யார் ஆய்வகத்தில் அடுப்பின் முன் நின்றார்கள், யார் எழுதினார்கள் என்பதெல்லாம் அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை. ஒப்புக்கொண்டேன். விலை என்னவென்றால், மூன்று பேர் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தருக்கும் தலா 70 சதவீதம், மற்றவர்களுக்குத் தலா 30 என்பது ஆசிரியர் பணிக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையின் மதிப்பெண் கணக்கு. எனக்கு அந்த 30தான். அந்தக் கட்டணத்தை நான் இப்படித் தவணையில் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் அங்கே இருக்கும்வரை கையில் உள்ளதையெல்லாம் எழுதி அனுப்பிவிடுங்கள். டிராயரில் ஒன்றும் மிச்சம் வைத்துக்கொண்டு ஊருக்கு வராதீர்கள்.

அந்த மூன்றாவது கட்டுரை போன மாதம் வந்தது. மாணவி கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்தபடியே செல்போனில் திறந்துவிட்டாள். முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, கீழே கேட்டிருந்தாள்: "சார், போன தடவை உங்க பேர் பக்கத்துல ஒரு ஸ்டார் இருந்துச்சே, இதுல காணோம்?"